நிரம்பாத திரை

டெலிவிஷன் பெட்டியை விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரு விஷயத்தில் முழுதாக ஒத்துப்போகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய கண்ணாடியின் நாலு மூலையும் படத்தால் நிரம்பியிருக்க வேண்டும். மேலும் கீழும், அல்லது இடமும் வலமும், கறுப்புப் பட்டை தெரிந்தால் அது பெட்டியின் கோளாறு. இல்லையென்றால் கேபிள்காரரின் ஏமாற்று. ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் பட்டை மறைந்துவிடுகிறது. பட்டையோடு சேர்ந்து வேறு எதெல்லாம் மறைகிறது என்று யாரும் கேட்பதில்லை.

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) இப்படிப் பொத்தானை அமுக்கிப் பார்க்கப்படும்போது நடப்பது இது: ஏறக்குறைய 4-க்கு 3 என்ற விகிதத்தில் எடுக்கப்பட்ட படம் 16-க்கு 9 ஆக இழுபடுகிறது. உயரம் அப்படியே நிற்க, அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. கிழவி இந்திர் தாக்ருணாக வரும் சுனிபாலா தேவியின் ஒட்டிய கன்னம் உப்புகிறது. கூன் விழுந்த முதுகு பருக்கிறது. பட்டினி சதை போட்டுவிடுகிறது. அந்தப் படத்தின் பொருளில் பெரும்பகுதி அந்த உடம்பில்தான் இருக்கிறது. உடம்பை மாற்றிவிட்டுக் கதையை மட்டும் பார்த்துக்கொள் என்றால் எப்படி? ராயின் மூல நெகடிவ் 1993-ல் லண்டன் லாபரட்டரியொன்றில் தீயில் கருகி, எரிந்ததில் மிஞ்சியதையும் வேறு பிரதிகளையும் கொண்டு 2015-ல் மீட்கப்பட்டது. நிபுணர்கள் பாடுபட்டு மீட்ட முகத்தை ஒரு பொத்தான் அரை வினாடியில் வேறு முகமாக்குகிறது.

இதை ரசனைக் குறைவு என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். ஆனால் இதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலான சரித்திரம் இருக்கிறது. வியாபாரமும் கலையும் ஒரு செவ்வகத்தின் மீது போட்ட சண்டையின் சரித்திரம் அது.

முதல் செவ்வகம் எடிசனின் பட்டறையில் பிறந்தது. அங்கே வேலை பார்த்த டபிள்யூ. கே. எல். டிக்சன், 1890களின் துவக்கத்தில், ஈஸ்ட்மனின் 70 மில்லிமீட்டர் பிலிமை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து 35 மில்லிமீட்டர் ஆக்கினார். ஒவ்வொரு பிரேமுக்கும் ஓரத்தில் நாலு துளை. துளைகள் போக மிஞ்சிய படம் ஓர் அங்குல அகலம், முக்கால் அங்குல உயரம். 4-க்கு 3. பிற்காலத்தில் இதற்கு ஓவிய மரபிலிருந்தும் கண்ணின் அமைப்பிலிருந்தும் விளக்கம் சொன்னவர்கள் உண்டு. கத்தரியும் சிக்கனமுமே போதுமான விளக்கம் என்று எனக்குப் படுகிறது. 1909-ல் பாரிஸில் கூடிய தயாரிப்பாளர்கள் மகாநாடு 35 மில்லிமீட்டர் பிலிமையே பொதுவாக ஏற்றுக்கொண்டதும் செவ்வகம் உலகப் பொதுச் சொத்தாயிற்று. மௌனப்படக் காலத்தின் மேதைகள் எல்லோரும் இந்தப் பெட்டிக்குள்தான் யோசித்தார்கள்.

பேசும்படம் வந்தபோது பிலிமின் ஓரத்தில் ஒலித்தடத்துக்கு இடம் விட வேண்டியிருந்தது. படம் குறுகி ஏறக்குறைய சதுரமாயிற்று. பிடிக்காமல், மேலும் கீழும் கொஞ்சம் மறைத்து, 1932-ல் ஹாலிவுட்டின் அகாடமி 1.37-க்கு 1 என்று ஒன்றை நிர்ணயித்தது. பழையதற்கு வெகு அருகில் திரும்பிவிட்டார்கள். இடையில் 1930-ல், இந்த விவாதம் சூடாக இருந்த சமயம், ஹாலிவுட்டுக்கு வந்திருந்த ஐசன்ஸ்டைன் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். எல்லோரும் படத்தை இன்னும் அகலமாக்குவது பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர் சதுரத்துக்காக வாதாடினார். படுக்கைக் கோட்டுக்கு மட்டும் ஏன் இந்த மரியாதை? மனிதன் நிமிர்ந்து நிற்பவன். மரமும் புகைபோக்கியும் கோபுரமும் நிற்பவை. சதுரம் என்றால் அதற்குள் நெட்டையும் குட்டையும் அகலமும், இயக்குனன் வேண்டியபடி, அந்தந்தக் காட்சிக்கு அந்தந்த வடிவம். கேட்டவர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள். ஆபெல் கான்ஸ் இதற்கு மூன்று வருஷம் முன்பே, 1927-ல், 'நெப்போலியன்' படத்தின் இறுதியில் மூன்று திரைகளைப் பக்கம் பக்கமாக வைத்து 4-க்கு 1 விகிதத்தில் படையை நடத்தியிருந்தார். அதையும் பார்த்துவிட்டுப் போனவர்களே அதிகம். அழகியல் காரணம் சொல்லி யாரும் இந்தச் செவ்வகத்தை அசைக்க முடிந்ததில்லை.

அசைத்தது பயம். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்க வீடுகளில் டெலிவிஷன் நுழைந்தது. அந்தப் பெட்டி தன் வடிவத்தைச் சினிமாவிடமிருந்தே கடன் வாங்கியிருந்தது: அதே 4-க்கு 3. வீட்டில் இலவசமாகக் கிடைக்கும் வடிவத்துக்கு எவன் டிக்கெட் வாங்குவான்? 1952 செப்டம்பரில் சினிராமா மூன்று புரொஜக்டர்களை வைத்து வளைந்த திரையை நிரப்பியது. அடுத்த செப்டம்பரில் ஃபாக்ஸ் கம்பெனி 'த ரோப்' படத்தைச் சினிமாஸ்கோப்பில் வெளியிட்டது. அதன் லென்ஸ் புதியதல்ல. ஹென்றி க்ரெத்தியான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1920களிலேயே செய்து வைத்தது; க்ளோத் ஓத்தான்-லாரா அதைக் கொண்டு ஜாக் லண்டன் கதையொன்றைப் படமாக்கியும் இருந்தார். கால் நூற்றாண்டு சீந்துவாரில்லாமல் கிடந்தது, டெலிவிஷன் புண்ணியத்தில் கிழவருக்கு எழுபது கடந்த பிறகு விலைபோயிற்று. உத்தி எளிமையானது. காமிராவின் லென்ஸ் அகலத்தைப் பாதியாக நெருக்கிப் பிலிமில் பதிக்கும். பிலிமைக் கையில் எடுத்துப் பார்த்தால் மனிதர்கள் ஈர்க்குச்சிகள். புரொஜக்டரின் லென்ஸ் அவர்களை மறுபடி விரிக்கும். முதலில் 2.55, பிறகு நிலைத்தது 2.35.

அந்த அவசரத்தில் நடந்த ஒரு காரியம், இன்று ரிமோட்டால் நாம் செய்வதற்கு முன்னோடி. ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் 'ஷேன்' படத்தைப் பழைய விகிதத்தில் எடுத்து முடித்திருந்தார். 1953-ல் அகலத் திரை மோகம் வந்ததும் பாரமவுண்ட் அதை 1.66-க்கு 1 என்று காட்டியது. எப்படி? மேலும் கீழுமாகச் சேர்த்து உயரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை மறைத்துத்தான். சினிமாவைக் காப்பாற்ற வந்த அகலம் முதலில் கைவைத்தது சினிமாவின் மேல்தான்.

அகலத்தைத் திட்டியவர்களும் உண்டு. கொதாரின் 'கண்டெம்ப்ட்' (1963) படத்தில் ஃப்ரிட்ஸ் லாங், தானாகவே தோன்றி, இது பாம்புக்கும் சவ ஊர்வலத்துக்கும்தான் லாயக்கு என்கிற பாவனையில் கேலி செய்கிறார். கேலியைச் சினிமாஸ்கோப் விகிதத்திலேயே எடுத்திருக்கிறார் கொதார் என்பதுதான் விசேஷம். குரோசாவா வேறு மாதிரி பதில் சொன்னார். 'ஹை அண்ட் லோ' (1963) படத்தின் முற்பகுதி கிட்டத்தட்ட முழுவதும் ஒரு பணக்காரரின் வரவேற்பறைக்குள் நடக்கிறது. டெலிபோன், அதன் பக்கத்தில் முதலாளி, தள்ளி மனைவி, சுவரோரம் டிரைவர், தரையில் போலீஸ்காரர்கள். கடத்தப்பட்டது முதலாளியின் பிள்ளையல்ல, டிரைவரின் பிள்ளை. பணம் கொடுப்பதா வேண்டாமா? பேசாமல் ஓரத்தில் தலைகுனிந்து நிற்கும் டிரைவர் பிரேமுக்குள் இருக்கிறவரை அந்தக் கேள்வி இருக்கிறது. ஓரத்தை வெட்டினால் கேள்வியும் போயிற்று.

இந்தியாவில் குரு தத்தின் 'காகஸ் கே பூல்' (1959) முதல் சினிமாஸ்கோப் படம், தமிழில் ஏ. பி. நாகராஜனின் 'ராஜராஜ சோழன்' (1973). நம் கொட்டகைகளில் நியூஸ் ரீலும் பிலிம்ஸ் டிவிஷன் டாகுமெண்டரியும் பழைய விகிதத்தில் ஓடும். மெயின் படம் ஸ்கோப் என்றால் ஆபரேட்டர் லென்ஸை மாற்ற வேண்டும். மறந்தால் கதாநாயகன் தென்னைமரம் போல் நெட்டையாய் வருவான், விசில் பறக்கும். டூரிங் டாக்கீஸில் மணல்மேட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு மனித முகத்தின் விகிதம் தெரிந்திருந்தது. சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்கு மறந்துபோனது எப்படி என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

மறக்கடித்தது டெலிவிஷன்தான். 1961 செப்டம்பரில் அமெரிக்க என்.பி.சி. சனிக்கிழமை இரவுப் படங்களைத் தொடங்கியபோது முதலில் போட்டது ஒரு சினிமாஸ்கோப் படம், 'ஹௌ டு மேரி எ மில்லியனேர்'. 2.35 அகலப் படத்தை 4-க்கு 3 பெட்டிக்குள் முழுதாக அடைத்தால் கண்ணாடியில் 43 சதவிகிதம் கறுப்பாகக் கிடக்கும். கறுப்பு வேண்டாமென்றால் அதே 43 சதவிகிதம் படத்தை வெட்ட வேண்டும். வெட்டினார்கள். ஒரு டெக்னீஷியன் உட்கார்ந்து, ஒவ்வொரு ஷாட்டிலும் எந்தப் பாதி முக்கியம் என்று தீர்மானித்து, ஜன்னலை இடமும் வலமும் நகர்த்துவார். மேஜையின் இரு கோடியில் இருவர் பேசினால் நடுவில் வெற்று மேஜையும் இரண்டு மூக்கும் தெரியும். அல்லது இயக்குனர் வெட்டாத இடத்தில் இவர் வெட்டுவார். டைட்டில் எழுத்துகளை மட்டும் வெட்ட முடியாது, ஒப்பந்தம். அதனால் டைட்டில் முடியும்வரை படம் நெருக்கியபடியே ஓடும். வீடியோ காஸட்டில் தமிழ் ஸ்கோப் படம் பார்த்தவர்கள் எல்லோருக்கும் இது ஞாபகமிருக்கும்: டைட்டிலில் ஒல்லியாய் வருகிற ஊர், இயக்குனர் பெயர் போனதும் ஒரு குதி குதித்துப் பருத்துவிடும்.

இங்கே விமர்சனத்துக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. 1980களிலும் 90களிலும் தமிழில் சினிமா பற்றித் தீவிரமாக எழுதப்பட்டதில் கணிசமான பகுதி பிலிம் சொஸைட்டி பிரிண்டைப் பார்த்து எழுதப்பட்டதல்ல. தூர்தர்ஷனும் காஸட்டும் தந்ததைப் பார்த்து எழுதப்பட்டது. ஒரு நாவலில் பத்துக்கு நாலு பக்கம் கிழிந்த பிரதியைப் படித்துவிட்டு அதன் அமைப்பைப் பற்றி எழுத எவரும் துணியமாட்டார். படத்தில் கிழிசல் தெரிவதில்லை. பெட்டி நிரம்பியிருக்கிறது, ஆகவே படம் முழுசு என்று கண் நம்பிவிடுகிறது.

எதிர்ப்பும் இருந்தது. வுடி ஆலன் தன் 'மன்ஹாட்டன்' (1979) வீடியோவில் வரும்போது பட்டைகளோடுதான் வரவேண்டும் என்று நின்று ஜெயித்தார். ஸிட்னி போலக், 'த்ரீ டேஸ் ஆஃப் த காண்டார்' படத்தை 1991-ல் வெட்டிக் காட்டிய டென்மார்க் டெலிவிஷன் மீது வழக்குப் போட்டார். 1997-ல் கோர்ட் இது படைப்பைச் சிதைத்த காரியம் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் நம்பி வாங்கிய பிரதியைப் போட்டவர்கள் பொறுப்பாளிகளல்ல என்று வழக்கு தோற்றது. இருபுறமும் ஜெயம் என்பது சட்டத்தில்தான் சாத்தியம்.

நேர்மாறான கூத்தும் உண்டு. 1.85 விகிதத்தில் காட்டுவதற்காகத் திட்டமிட்ட பல படங்கள் பிலிமில் முழு உயரத்துக்கும் பதிவானவை. தியேட்டரில் மறைப்புத் தகடு மேலும் கீழும் மறைக்கும். டெலிவிஷன்காரர்கள் மறைப்பை எடுத்துவிட்டு முழுதாகக் காட்டினார்கள். நடிகர் தலைக்கு மேல் மைக் தொங்குவது தெரிந்தது. குறைத்துப் பார்ப்பது மட்டுமல்ல, கூட்டிப் பார்ப்பதும் பிசகுதான்.

சரி, 16-க்கு 9 எங்கிருந்து வந்தது? ஜப்பானின் என்.எச்.கே., 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பின் துல்லிய டெலிவிஷனை ஆராய ஆரம்பித்தபோது 5-க்கு 3 என்று வைத்துக்கொண்டிருந்தது. 1980களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்க எஞ்சினியர் புழக்கத்திலிருந்த விகிதங்களுக்கெல்லாம் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக மையம் பொருந்த வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் உள்ளடக்கும் வெளிச் செவ்வகத்தின் விகிதமும், எல்லாவற்றுக்கும் பொதுவான உள் செவ்வகத்தின் விகிதமும் ஒன்றாகவே வந்தன: ஏறக்குறைய 1.77. அதுதான் 16-க்கு 9. வங்கியில் கூட்டு வட்டி போட்டுப் பழகியவனுக்கு இதில் ஒரு தனி ருசி இருக்கிறது. 4-க்கு 3 என்பதை அதனாலேயே ஒரு தடவை பெருக்கினால் 16-க்கு 9. இன்னொரு தடவை பெருக்கினால் 64-க்கு 27, அதாவது 2.37, கிட்டத்தட்ட சினிமாஸ்கோப். அசல், முதல் தவணை, இரண்டாம் தவணை. பவர்ஸின் செவ்வகம் சரியாக நடுப்படியில் நிற்கிறது. பழைய படமும் ஸ்கோப் படமும் அதில் ஏறக்குறைய சமமாக நஷ்டப்படும்: ஒன்றுக்குப் பக்கங்களில் கால்வாசி கறுப்பு, மற்றதற்கு மேலும் கீழுமாகக் கால்வாசிக்குச் சற்றுக் குறைய. கணக்கு என்ற அளவில் இது அழகானது. ஆனால் எந்தச் சினிமாக் கலைஞனும் கேட்டு வாங்கிய வடிவமல்ல. எல்லோருக்கும் கொஞ்சம் பொருந்தாது என்பதே அதன் தகுதி. கறுப்புப் பட்டை அந்தப் பெட்டியின் பிறவிக் குணம், கோளாறல்ல.

இதை வாங்குகிறவருக்கு யாரும் சொல்லவில்லை. தட்டை டெலிவிஷன் 2000க்குப் பின் நம் வீடுகளில் வந்தபோது சேனல்கள் பெரும்பாலும் பழைய 4-க்கு 3-லேயே இருந்தன. கம்பெனிகள் மெனுவில் பலவித வித்தைகளை வைத்தன. அகல மோட் முகத்தை மூன்றில் ஒரு பங்கு பருக்கவைக்கும். ஸூம், முகத்தை விட்டுவிட்டு உயரத்தில் கால்வாசியை வெட்டும். கீழே ஓடும் ஸப்டைட்டிலும் அதோடு போகும். பானரமா என்றொன்று இன்னும் தந்திரமானது. நடுவில் விகிதம் சரியாயிருக்கும், ஓரத்துக்குப் போகப் போக இழுபடும். காமிரா திரும்பும்போது ஒரு மனிதன் இடக்கோடியில் குண்டாக நுழைந்து, நடுவில் இளைத்து, வலக்கோடியில் மறுபடி குண்டாகி வெளியேறுவான். போதாதென்று, குழாய் டெலிவிஷன் காலத்தில் விளிம்பு கோணலாயிருந்ததை மறைக்கச் செய்த ஓரவெட்டு, குழாயே ஒழிந்த பின்னும் பல பெட்டிகளில் தொடர்ந்தது. டி.வி.டி.யில் க்ரெத்தியானின் உத்தி வேறு ரூபத்தில் வந்தது. 4-க்கு 3 ஆனாலும் 16-க்கு 9 ஆனாலும் வட்டில் பதிவாவது அதே 720-க்கு 576 புள்ளிகள். எவ்வளவு விரிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு மட்டும் கூட இருக்கும். குறிப்பைப் பெட்டி படிக்கத் தவறினால் பழைய கொட்டகையின் தென்னைமரங்கள் திரும்ப வரும். எல்லாவற்றிலும் பரிதாபம், பட்டையோடு கூடிய அகலப் படத்தை 4-க்கு 3 சேனலில் அனுப்பி, அதை 16-க்கு 9 பெட்டியில் பார்ப்பது. நாலு பக்கமும் கறுப்பு. கண்ணாடியில் 56 சதவிகிதமே படம். ஸூம் என்ற பொத்தானுக்கு நியாயமான உபயோகம் உண்டென்றால் இங்கேதான்.

கவிதை படிக்கிறவர்களுக்குக் கறுப்புப் பட்டையை விளக்குவது சுலபம். ஒரு சிறிய கவிதை ஒரு பக்கத்தில் அச்சாகிறது. சுற்றிலும் வெள்ளை. காகிதம் வீணாகிவிட்டது என்று எழுத்தைப் பெரிதாக்கியோ, வரிகளை ஓரம்வரை இழுத்தோ அச்சுக்கோப்பவர் நிரப்பினால் கவிஞன் சண்டைக்குப் போவான். வார இதழ்களின் ஒடுங்கிய பத்தியில் வரி உடைந்து இரண்டாகித் தொங்கியதைப் பார்த்து மனம் நொந்தவர்கள் நம்மிடையே நிறைய. வெள்ளை விளிம்பு கவிதைக்கு எதுவோ, கறுப்புப் பட்டை படத்துக்கு அது.

படைத்தவனே கை வைத்தால்? 'அபோகலிப்ஸ் நௌ' (1979) ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டோராரோ, சினிமாவுக்கும் டெலிவிஷனுக்கும் பொதுவாக 2-க்கு 1 என்று ஒரு விகிதத்தை 1998-ல் முன்மொழிந்தார். தன் ஸ்கோப் படத்தையே டி.வி.டி.க்காக அந்த அளவுக்கு வெட்டினார். பின்னால் ப்ளூ-ரேயில் முழு அகலமும் திரும்பியது. கலைஞனின் பிடிவாதத்தை மதிக்கிற நானும் இதில் அவர் கட்சியல்ல. 1979-ல் தியேட்டரில் பார்த்தவர்களுக்கும் அந்தப் படத்தில் பங்கு உண்டு. கம்பெனிகளின் நியாயம் இன்னும் மட்டமானது. 2019 நவம்பரில் டிஸ்னியின் இணையச் சேவை 'ஸிம்ப்ஸன்ஸ்' தொடரின் பழைய பகுதிகளை 16-க்கு 9 ஆக வெட்டிப் போட்டது. மூன்று வித பீர் என்று விற்கப்படுவதெல்லாம் ஒரே குழாயிலிருந்து வருகிறது என்பது ஒரு காட்சியின் ஹாஸ்யம்; குழாய் மேல்பகுதியில் இருந்ததால் ஹாஸ்யமே வெட்டுப்பட்டது. ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். 2020 மே மாதம் பழைய விகிதம் திரும்பியது. டூரிங் டாக்கீஸ் விசிலுக்கு வாரிசு இல்லாமல் போய்விடவில்லை.

இதற்கிடையில் இயக்குனர்கள் விகிதத்தையே பேச்சுமொழியாக்கிவிட்டார்கள். பாவெல் பவ்லிகோவ்ஸ்கியின் 'இடா' (2013) முகங்களைப் பிரேமின் அடிவிளிம்பில் தள்ளி வைத்து மேலே வெற்றிடத்தை விடுகிறது. ஸூம் அமுக்கினால் தாடையும் வாயும் போய்விடும். ஸாவியே டொலானின் 'மம்மி' (2014) சதுரத்தில் ஓடுகிறது. ஓரிடத்தில் பையன் இரு கையாலும் சட்டகத்தைத் தள்ளி அகலப்படுத்துகிறான். ஏற்கெனவே இழுத்து நிரப்பிய திரையில் அவன் எதைத் தள்ளுவான்? ஐசன்ஸ்டைன் கேட்ட சதுரம் இப்படி வந்தது. அவர் கேட்ட நெட்டுக்குத்து வடிவமும் வந்துவிட்டது, கைபேசி வழியாக. விபத்தையோ வெள்ளத்தையோ எவரோ கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்ததைச் செய்திச் சேனல்கள் போடும்போது, இரு பக்கமும் அதே படத்தை மங்கலாக ஊதிப் பெரிதாக்கி ஒட்டுகிறார்கள். கறுப்பாக விட அவ்வளவு பயம்.

ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். இழுத்த படம் விகாரமாயிருக்கிறதே தவிர அதில் எதுவும் தொலையவில்லை. சேனல்காரரே இழுத்து அனுப்பினாலும், நம் பெட்டியில் 4:3 என்ற தேர்வை வைத்தால் பெரும்பாலான பெட்டிகளில் அகலம் திரும்பச் சுருங்கி இந்திர் தாக்ருணின் கன்னம் பழையபடி ஒட்டிக்கொள்ளும். வெட்டி அனுப்பிய படத்துக்கு எந்தப் பொத்தானும் கிடையாது. ஓரத்தில் நின்ற டிரைவர் நம் வீட்டுக்கு வந்து சேரவே இல்லை.